தொட்டிலுக்கு முதல் கிணற்றுக்கட்டு

என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. விசுவமடுவில் இருக்கிறாள். போன கிழமை பார்க்கப் போனபோது தலையணைக்குக் கீழேயிருந்து மூன்று பட்டியல்களை எடுத்து என் மடியில் போட்டாள். "அக்கா, நீ சொல்லு. இதிலை எதை வாங்குறது, எதை விடுறது?"

முதலாவது ரொறன்ரோ மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பியது. தங்கை அதைக் கொப்பித் தாளில் அச்சுப்போலப் பார்த்தெழுதி வைத்திருந்தாள். நாற்பத்திரண்டு சாமான். முதல் வரியில் கார் சீற். அங்கே பிறந்த பிள்ளையை அதற்கான இருக்கையில் பட்டி போட்டு இருத்தாமல் காரில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆகவே மச்சாளின் பட்டியல் அங்கிருந்து தொடங்குவது நியாயம்தான். தங்கையின் வீட்டுக்காரரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். பதினேழாவது வரியில், பிள்ளையின் பின்புறம் துடைக்கும் ஈரத்தாளைச் சூடாக வைத்திருக்க ஒரு மின்பெட்டி. சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீரில் தேத்தண்ணி போடலாம் என்பது மச்சாளுக்கு மறந்து போயிருக்கும். அவர் போய் இருபத்தைந்து வருடம்.

இரண்டாவது, கிளிநொச்சி நகரில் ஒரு பிள்ளைச் சாமான் கடை கொடுத்த மினுமினுப்பான அட்டை. தொட்டில், தள்ளுவண்டில், வோக்கர், மெத்தையும் தலையணையும் நுளம்புக் குடையும் சேர்ந்த செற், போத்தல் ஆறு, போத்தல் அவிக்கும் பாத்திரம், பவுடர், கிறீம், கொலோன். அட்டையின் கீழே தவணைக் கட்டணம் பற்றி ஒரு வரி.

மூன்றாவது அம்மாவின் பட்டியல். அம்மா சொல்லத் தங்கை எழுதியது. முதல் வரி: 'பிள்ளை பிறந்து முகம் பாக்க முதல் ஒண்டும் வாங்கக் கூடாது.' அதற்குப் பிறகு, அப்பாவின் பழைய வேட்டி இரண்டு, ஏணைக்கு ஒரு நூல் சேலை, பால்சங்கு, வசம்பு, காயச் சரக்கு.

கடைசிப் பட்டியல்தான் சரியென்று முடித்துவிட எனக்கு ஆசை. அப்படி முடிக்க முடியாது. அந்த வீட்டு அலுமாரிக்கு மேலே, வாங்கக்கூடாது என்று சொன்ன அதே அம்மா வாங்கி வைத்த ஒரு பொருள் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வன்னியில் இன்று தலைப்பிள்ளைக்குச் சாமான் வாங்குவது ஒரு சடங்காகிவிட்டது. நகை அடகு வைத்து வாங்குகிறார்கள். வெளிநாட்டுக்காசு வந்தால் வாங்குகிறார்கள், வராவிட்டால் கடன்பட்டு வாங்குகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பகட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'உழுது சாப்பிடுற சனத்துக்கு ஏன் இந்தத் தள்ளுவண்டில்?' என்று என்னிடமே கேட்ட கொழும்பு நண்பர் ஒருவர் உண்டு. கிரவல் ரோட்டில் அந்தச் சில்லு உருளாது என்பது அவருக்கு முன்பே எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஏன் வாங்குகிறோம் என்பதற்கான காரணம் கடையில் இல்லை.

என் மூத்தவன் 2009 பெப்ரவரியில் பிறந்தான். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீண்டும் மீண்டும் ஷெல்லடிபட்டு, அந்த மாதத் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, காயக்காரரும் நோயாளரும் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்த நாட்கள். அவனுக்காக என்னிடம் இருந்தவற்றை இப்போதும் எண்ணிச் சொல்லலாம். அம்மாவின் நூல் சேலை ஒன்று, கிழித்து ஆறு துண்டு. ஒரு துவாய். அயலில் ஒரு கிழவி கழற்றித் தந்த கறுப்புக் கயிறு. பதுங்குகுழியின் குற்றியில் ஏணை கட்டலாமா என்று என் வீட்டுக்காரர் பார்த்தார்; அசைந்தால் மண் கொட்டும் என்று விட்டுவிட்டார். ஆகவே மூன்று மாதம் அவன் கிடந்த இடம் என் நெஞ்சு. இரவும் பகலும்.

பிற்பாடு ஒரு விஷயம் வாசித்தேன். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்கியூபேற்றர் போதாமல், எட்கார் ரேய் என்ற குழந்தை வைத்தியர் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் செய்தது. அதுதான் இன்று கங்காரு முறை என்ற பெயரில் உலகமெங்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற வைத்தியம். பிள்ளையின் சூடு, மூச்சு, பால்குடி மூன்றையும் தாயின் தோல் ஒழுங்குபடுத்துகிறது. வாசித்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாமான் இல்லாமல் நான் செய்தது தப்பில்லை என்று யாரோ கடிதம் போட்டதுபோல இருந்தது.

ஆனால் பால். அங்கேதான் எல்லாம் உடைந்தது. பசியிலும் பயத்திலும் பால் சுரந்து இறங்கவில்லை. என் ஒருத்திக்கு மட்டுமல்ல. கைக்குழந்தையோடு இருந்த தாய்மாருக்குப் பால்மா அட்டை கொடுத்திருந்தார்கள். 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்கள் மீதும் பிள்ளைகள் மீதும் ஷெல் விழுந்தது. இறந்து கிடந்த தாய்மார் சிலரின் கையில் அந்த அட்டை அப்போதும் இறுகப் பிடித்தபடி இருந்ததாக, ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை எழுதுகிறது. எங்கள் அம்மாவிடமும் அப்படியோர் அட்டை இருந்தது. வேறொரு நாள், வேறொரு வரிசை. அவர் திரும்பி வந்தார்.

இந்தத் தலைமுறைதான் இன்று வன்னியில் அம்மம்மாவாகவும் அப்பம்மாவாகவும் ஆகியிருக்கிறது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே பிள்ளையைக் குளிப்பாட்டியவர்கள். 2012 செப்ரெம்பரில் அது மூடப்படும்வரை அங்கே கிடந்தவர்களும் உண்டு. இவர்களிடம் போய் 'பிள்ளைக்கு உதெல்லாம் தேவையில்லை' என்று ஒரு கட்டுரை சொன்னால், அது காதில் ஏறாது. இல்லாமை என்னவென்று அவர்களுக்குத் தெரியும். எளிமை என்ற சொல் எங்களூரில் இன்னும் பழைய அர்த்தத்துக்குத் திரும்பவில்லை.

அதனால்தான் எனக்கு இதில் கோபம் வருகிறது. அந்த இல்லாமையின் பயத்தின் மேல்தான் கடை நிற்கிறது. பிள்ளைக்கு உண்மையில் வேண்டியதோ கடையில் இல்லை.

வோக்கரை எடுத்துக்கொள்வோம். சில்லுப் பூட்டிய வட்டச் சட்டகத்துக்குள் பிள்ளையை இருத்தினால் கால் உந்தி ஓடும். எங்கள் பகுதியில் ஏழெட்டு மாதப் பிள்ளை இருக்கிற வீட்டில் இது இல்லாவிட்டால் குறை. 'கெதியா நடக்கும்' என்பார்கள். நடக்காது. தானாக உட்கார்ந்து, தவழ்ந்து, பிடித்தெழும்பிப் பழகுவதை அது தள்ளிப்போடுகிறது. மச்சாளின் நாற்பத்திரண்டு சாமானில் வோக்கர் இல்லை என்பதைத் தங்கைக்குக் காட்டினேன். மறந்துபோனதால் அல்ல. கனடாவில் 2004 ஏப்ரல் முதல் வோக்கர் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் இறக்குமதி செய்வதும் தடை. பழையதை வாசலில் வைத்து விற்றாலும் குற்றம். உலகில் முதன்முதல் அப்படித் தடை செய்த நாடு அது. பிள்ளைகள் வோக்கரோடு மாடிப்படியில் உருண்டு தலை உடைந்ததுதான் காரணம். ரொறன்ரோவில் பிறந்த எங்கள் மருமக்கள் கண்ணாலும் காணாத ஒரு சாமானை, அவர்கள் அனுப்பும் காசில் நாங்கள் இங்கே வாங்குகிறோம்.

எங்களுக்கு மாடிப்படி இல்லை என்று சொல்லலாம். இருப்பவற்றைப் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்திலும் மற்றத் திட்டங்களிலும் கட்டிய வீடுகளில் தடுப்பில்லாத விறாந்தைகள் நிறைய. கீழே முற்றம். குசினியில் நிலத்தோடு நிலமாக அடுப்பு, பக்கத்தில் கஞ்சி வடித்த பானை. பின்வளவில் கிணறு. மீள்குடியேறிய காணிகளில் கட்டில்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் நிலமட்டத்துக்கு வந்து, எது முற்றம் எது கிணறு என்று ஒரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் போகும். கிணற்றில் விழுந்த குழந்தை என்ற செய்தியை பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் வாசித்துவிட்டு நாம் எல்லோரும் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்.

ஆகவே தங்கையின் புதுப் பட்டியலில் நான் எழுதிய முதல் வரி: கிணற்றுக்கட்டு. மூன்றடி உயரம், மேலே இரும்பு வலை. அதற்கு மேசன், சீமெந்து, கல், இரண்டு நாள் கூலி. பிள்ளைச் சாமான் கடையில் இது கிடையாது, தவணைக்கும் தரமாட்டார்கள். பிள்ளை தவழ இன்னும் ஒன்பது பத்து மாதம் இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றார் தங்கையின் வீட்டுக்காரர். பிறகு என்றால் அறுவடை வரும், மழை வரும், மேசன் கிடைக்கமாட்டார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் கட்டமுடியும். பிறந்த பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நித்திரையே இல்லை, எங்கே கிணறு கட்டுவது?

இரண்டாவது வரி நுளம்பு வலை. கடைச் செற்றோடு வரும் சின்னக் குடை வலை அல்ல. தாயும் பிள்ளையும் சேர்ந்து படுக்கிற அளவு பெரிய சதுர வலை, ஓரத்தைப் பாய்க்குக் கீழே சொருகிவிடக் கூடியது. மலேரியாவால் வன்னி வாடியதை ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு அது வந்தால் பிள்ளைக்கும் ஆபத்து. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் அறிவித்தது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் டெங்கு போகவில்லை. டெங்கு நுளம்பு பகலில் குத்தும், பிள்ளை பகலிலும் நித்திரை கொள்ளும். நிலத்தில் படுக்கிற வீட்டில் வலையைச் சொருகிவிட்டால் பாம்புக்கும் அது தடுப்பு. இவ்வளவு வேலை செய்யும் இன்னொரு பொருளைக் கடை அட்டையில் நான் காணவில்லை.

தொட்டிலா ஏணையா என்பது பெரிய வழக்கு. அம்மா ஏணைப் பக்கம், மச்சாள் மரத்தொட்டில் பக்கம். என் தீர்ப்பு இரண்டு பேருக்கும் பிடிக்காது. இரவு நித்திரைக்குப் பிள்ளைக்கு வேண்டியது தட்டையான, உறுதியான படுக்கை. மல்லாக்காகக் கிடத்த வேண்டும். தலையணை வேண்டாம், கனத்த போர்வை வேண்டாம், முகத்துக்குப் பக்கத்தில் துணிப்பொம்மை வேண்டாம். இதை வைத்தியர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். மூச்சுத்திணறலுக்கும் தொட்டில் மரணத்துக்கும் எதிரான காவல் அதுதான். ஏணையில் பிள்ளையின் முதுகு வளைந்து நாடி நெஞ்சில் முட்டும்; ஆகவே பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் ஆட்டலாம். தானாகப் புரண்டு எழும்ப வெளிக்கிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். மரத்தொட்டில் வாங்கக் காசிருந்தால் வாங்கலாம், அதோடு விற்கும் பஞ்சுத் தலையணைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு. காசில்லாவிட்டால் தாயின் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய். ஒரு பனையோலைப் பாய் போதும்.

பம்பஸ் பற்றி அம்மாவோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. பழைய வேட்டித் துணி மாதிரி மென்மையானது எதுவுமில்லை, வெயிலில் காய்ந்தால் கிருமியும் போகும். ஆனால் ஆவணி புரட்டாதியில் கிணறு வற்றி, குடிக்கவே பவுசரை எதிர்பார்க்கும் கிராமத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி தோய்க்கச் சொல்வது யாருக்கு? பெத்தவளுக்கு. ஆகவே பகலுக்குத் துணி, இரவுக்கும் கிளினிக் போகிற நாளுக்கும் பம்பஸ். பாவித்ததை வாய்க்காலில் எறியாமல் இருக்க ஒரு வழியும் யோசித்து வையுங்கள். பவுடரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. உலகப் புகழ்பெற்ற நிறுவனமே வழக்குக்கு மேல் வழக்காகி, ரல்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது. கண்ணுக்கு மை வேண்டாம். நாவூறுக்குப் பொட்டு வைக்கத்தான் வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள், அம்மாவும் சமாதானமாவார்.

போத்தலுக்கு வருகிறேன். கடை அட்டையில் ஆறு போத்தல். பால்மா நிறுவனங்கள் ஏழை நாடுகளில் செய்த வியாபாரத்தால் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் இறந்தது பெரிய போராட்டமாகி, 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை ஒரு கோவையை நிறைவேற்றியது. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் மாவை மட்டுமல்ல, போத்தலையும் சூப்பியையும்கூடப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு கோவையை வைத்துக்கொண்ட நாடு. பலன் தெரிகிறது: 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தனித் தாய்ப்பாலில் இருந்தார்கள். எங்களுக்கு அதில் இன்னொரு செய்தி உண்டு. அதற்கு முந்திய 2006-07 மதிப்பீட்டில் வட மாகாணமே சேர்க்கப்படவில்லை. வன்னிப் பிள்ளை எதைக் குடித்தது என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணவில்லை.

தப்பு போத்தலில் இல்லை, அதைக் கழுவுகிற தண்ணீரில் இருக்கிறது. கழுத்து ஒடுங்கிய போத்தலையும் சூப்பியையும் ஒவ்வொரு முறையும் அவிக்க விறகு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். இங்கே அம்மாவின் பட்டியலும் உலக சுகாதார நிறுவனமும் ஒத்துப்போகின்றன. பாலைப் பிழிந்து கொடுக்க வேண்டி வந்தால் போத்தலைவிடத் திறந்த கோப்பை நல்லது என்பதே நிபுணர்களின் அறிவுரை. கோப்பையின் மூலை முடுக்கெல்லாம் கைக்கு எட்டும். அம்மாவின் பால்சங்கு வேறென்ன? ஆனால் சங்கில் வசம்பும் வேண்டாம், சீனித்தண்ணியும் வேண்டாம், ஆறு மாதம்வரை பால் மட்டும் என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதை எழுதும்போது பால் வராத தாய் ஒருத்தி வாசித்துக் குற்றவுணர்ச்சி கொள்ளக்கூடாது என்று நினைக்கிறேன். நானே அவளாக இருந்தேன். வைத்தியர் சொன்னால் மா கொடுக்கத்தான் வேண்டும். தாயின் உடம்பு ஒரு தொழிற்சாலை அல்ல.

தொழிற்சாலை என்றதும் ஞாபகம் வருகிறது. தங்கை வேலை செய்வது அறிவியல் நகரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில். காலை இருட்டோடு பஸ் ஏறினால் திரும்ப மைம்மல். மகப்பேற்று விடுமுறை 84 நாள். முன்பு மூன்றாம் பிள்ளைக்கு அது பாதியாகக் குறையும், 2018இல் சட்டம் திருத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக்கினார்கள். 84 நாளுக்குப் பிறகு? பிள்ளைக்கு மூன்று மாதம்கூட நிரம்பியிருக்காது. தனித் தாய்ப்பால் ஆறு மாதம் என்று சுவரொட்டி ஒட்டுகிற அரசாங்கமும் 84 நாள் விடுமுறை தருகிற அரசாங்கமும் ஒன்றுதான். சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை. பிள்ளைக் காப்பகம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். விசுவமடுவில் கிடக்கிற பிள்ளைக்கு அறிவியல் நகரில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தால் என்ன பிரயோசனம்? ஒரு பிரயோசனம் உண்டு: அந்த நேரத்தில் பாலைப் பிழிந்து வைக்கலாம். அதற்கொரு மறைவான அறையும் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டும். பிழிந்த பால் சாதாரண அறையில் நாலு மணித்தியாலம் தாங்கும், எங்கள் வெக்கையில் அதற்கும் குறைவு; குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள். மச்சாளின் நாற்பத்திரண்டு சாமானில் நான் உடனே ஓம் என்று சொன்னது பால் பிழியும் பம்புக்கு மட்டும்தான். அதை அனுப்பச் சொல்லுங்கோ, கார் சீற் வேண்டாம்.

பிறகு நாங்கள் இருவரும் இருந்து, கடையில் விற்காத சாமான்களின் பட்டியலைப் போட்டோம். 1990 என்ற இலக்கம். சுவசெரிய அம்புலன்ஸ்; இந்திய உதவியோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. காசில்லை. அந்த இலக்கம் தங்கையின் போனில் மட்டும் இருந்தால் போதாது. வலி வருகிற நேரத்தில் அவள் போன் எடுக்கமாட்டாள். அம்மாவின் போனில், பக்கத்து வீட்டில். மழைக்காலத்தில் எந்த ஒழுங்கையால் அம்புலன்ஸ் வரும், எந்த மதகு மூழ்கும் என்பதை இப்போதே பார்த்து வைக்க வேண்டும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் இரவில் யானை மறிக்கும் பாதைகள் உண்டு. அப்படியான இடத்துப் பெண் திகதிக்கு ஒரு கிழமை முதலே ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்கார வீட்டில் வந்து நிற்பதுதான் புத்தி. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்கள் நல மருத்துவ நிலையம் 2024 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கட்டடம் கிட்ட வந்துவிட்டது. ஒழுங்கை இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது மிட்வைப். குடும்பநல உத்தியோகத்தர் என்று பதவிப்பெயர். எங்கள் சனத்துக்கு மிட்வைப் மிஸ். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் பிள்ளைகள் பிழைப்பதன் பின்னால் சைக்கிளிலும் இப்போது ஸ்கூட்டியிலும் போகிற இந்தப் பெண்கள்தான் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து, தொப்புளைப் பார்த்து, பால்குடியைப் பார்த்து, தாயின் கண்ணையும் பார்ப்பார்கள். தாய் அழுதுகொண்டே இருக்கிறாளா, பிள்ளையைத் தொடாமல் இருக்கிறாளா என்று கேட்பதும் அவர்கள் வேலை. இதுவரை எந்த பேபி மொனிற்றரும் அதைச் செய்யவில்லை. ஆனால் எங்கள் மாவட்டங்களில் ஒரு மிட்வைப் இரண்டு பிரிவை இழுக்கிற இடங்கள் உண்டு. பிள்ளைச் சாமானுக்கு வரிசையில் நிற்கிற நாங்கள், இந்த வெற்றிடத்தை நிரப்பச் சொல்லி ஒரு மகஜராவது கொடுத்திருக்கிறோமா?

அரசாங்கம் எதுவுமே தரவில்லை என்று சொல்லவில்லை. 1973 முதல் திரிபோஷா வருகிறது, இடையில் நிற்கிறது, பிறகும் வருகிறது. 2015இல் கர்ப்பிணிகளுக்கு மாதம் 2,000 ரூபாய்ப்படி பத்து மாதத்துக்குப் போஷாக்குப் பொதி தொடங்கினார்கள். இரண்டும் வயிற்றுக்கு. பிறந்த பிள்ளையின் கைக்கு எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் கடை அட்டை நுழைகிறது.

அந்த வெற்றிடத்தை ஒரு பெட்டியால் நிரப்பிய இடங்களும் உண்டு. பின்லாந்து இன்று பணக்கார நாடு. 1938இல் அது ஏழை நாடு. பிள்ளைகள் நிறைய இறந்தார்கள். அந்த வருடம் ஏழைத் தாய்மாருக்கு ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். உடுப்பு, படுக்கைத் துணி, தேவையான சில்லறைச் சாமான். பின்னர் அந்தப் பெட்டியே முதல் தொட்டிலாகவும் ஆனது. 1949இல் ஏழை பணக்காரர் பேதமில்லாமல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஒரேயொரு நிபந்தனை: நாலாம் மாதம் முடிய முதல் வைத்தியரிடமோ கிளினிக்கிலோ காட்டியிருக்க வேண்டும். பெட்டிக்கு ஆசைப்பட்டு வந்தவர்களை வைத்தியம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில், தமிழ்நாடு 2015 செப்ரெம்பரில் அரச ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்கு 16 பொருள் கொண்ட பெட்டகம் ஒன்றைத் தொடங்கியது. துவாய், உடுப்பு, சின்னப் படுக்கை, நுளம்பு வலை, நகவெட்டி, கிலுக்கு, தாய்க்குச் சவர்க்காரம். அதற்குள் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்ததைப் பார்த்தபோது, பெட்டியை யோசித்தவர்களில் ஒரு அம்மம்மாவாவது இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வட மாகாண சுகாதாரத் திணைக்களம் இதைச் செய்யலாம். அட்டைப்பெட்டி தேவையில்லை, பனையோலைப் பெட்டி இழைக்கத் தெரிந்த கைகள் எங்களிடம் இருக்கின்றன. போரில் கணவரை இழந்து தையல் மெஷினோடு குடும்பம் நடத்துகிற பெண்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் எத்தனை பேர்! ஆறு நூல் சட்டை, பன்னிரண்டு துணி, ஒரு பெரிய வலை, ஒரு துவாய், ஒரு கோப்பை. மூடியின் உட்பக்கத்தில் 1990 என்ற இலக்கமும் மிட்வைப்பின் இலக்கமும். போத்தல் இல்லை, மா இல்லை, வோக்கர் இல்லை, எந்த நிறுவனத்தின் விளம்பரமும் இல்லை. கிளினிக்கில் மட்டும், கிளினிக் கொப்பியைக் காட்டினால் கொடுக்க வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் நாற்பத்திரண்டு சாமானைப் பொதிசெய்து கப்பலில் அனுப்பும் செலவில் இப்படி எத்தனை பெட்டி செய்யலாம் என்று மச்சாளிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இரண்டு நீலச் சரி மட்டும் தெரிகிறது.

அன்று பின்னேரம் தங்கையின் வீட்டுக்காரர் மேசனோடு கதைத்துவிட்டு வந்தார். வருகிற ஞாயிறு தொடங்கலாமாம். ஆஸ்பத்திரிப் பைக்குள் வைக்க அப்பாவின் வேட்டியை அம்மா தோய்த்து, கொடியில் போட்டு, அளந்து கிழித்துக்கொண்டிருந்தார். நான் பெட்சீற் எடுக்க அலுமாரியடிக்குப் போனேன். மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால், துணியால் மூடியபடி ஒரு பால்மாத் தகரம். ஒரு போத்தலும் வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்ன எனக்கு அதை எடுத்துக் கீழே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போலிருந்தது. பிள்ளை பிறக்கமுதல் ஒண்டும் வாங்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது, அம்மா?

தகரத்தைத் திருப்பி அடியில் பார்த்தேன். காலாவதியாக இன்னும் பதினாலு மாதம் இருந்தது. தூசியைத் தட்டி, இருந்த இடத்திலேயே வைத்து, அந்தத் துணியால் மூடிவிட்டு வந்தேன்.